தரகு பெங்கி: இதை தமிழ்ல எப்படி சொல்றது?

தரகு பெங்கி. மலைக்காட்டுல வாழுற பழங்குடியான சோளகர் மக்களோட சொல். நம்ம ஊரு புரோக்கர் தரகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கன்னடத்துல தரகுன்னா காய்ஞ்சு உதிர்ந்த இலை, அதாவது சருகு. பெங்கின்னா நெருப்பு. வேர் அங்க பேரு, வயல் அங்க பயலு ஆகுற மாதிரி, நாம வேகுது வெந்துச்சுன்னு சொல்ற அதே 'வே' தான் அங்க 'பே' ஆகி பெங்கில நிக்குது.

சத்தியமங்கலம் காட்டை ஒட்டி கர்நாடகா பக்கம் பிளிகிரி ரங்கன மலை இருக்கு. அங்க சோளகருங்க கோடை தொடங்குறப்பவே, காடு முழுசா காயுறதுக்கு முன்னாடி, தரையில கெடக்குற சருகுக்கு மட்டும் தீ வைப்பாங்க. சருகு கொஞ்சமா இருக்கும், அதனால தீ தாழ்வாவே ஓடி அணைஞ்சுடும், பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, மழை வந்தா புல்லு துளிர்க்கும். 1974-ல சரணாலயம் ஆனதும் இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க.

தீ நின்னதுக்கு அப்புறம் தான் உன்னிச்செடி (லாண்டானா, வெளிநாட்டுல இருந்து வந்து காட்டுல புதரா மண்டுற செடி) இவ்வளவு ஏறிச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி கூடிச்சுன்னு சோளகருங்க சொன்னாங்க. புல்லுருவிக்கு அவங்க பேரு உப்பிலு. குருவி பழத்தைத் தின்னுட்டு எச்சத்தோட விட்ட பிசுபிசு விதை கிளையில ஒட்டி முளைச்சு, பட்டைக்குள்ள இறங்கி மரத்தோட தண்ணிய உறிஞ்சும், அப்புறம் காய்ப்பு கொறைஞ்சு மரமே பட்டுப் போகும். பல வருஷம் நெல்லி பறிச்ச கை தான் இதை முதல்ல கவனிச்சது. ஆய்வாளருங்க காட்டுல ஒரே இடங்களை 1997-லயும் 2008-லயும் அளந்து பார்த்தப்போ, பாதிக்கும் கம்மியான இடத்துல இருந்த உன்னி அஞ்சுல நாலு இடத்துக்கு பரவியிருந்துச்சு. தீ இல்லாதது எவ்வளவு தூரம் காரணம்ங்கிறது சோதிச்சுப் பார்க்க வேண்டிய கேள்வி, ஆனா அந்தக் கேள்விய கையில கொடுத்ததே சோளகருங்க தான், அதை சும்மா நம்பிக்கைன்னு ஒதுக்குறது பெரிய தப்பு.

இப்போ தமிழுக்கு வருவோம். பலரும் இதையும் காட்டுத்தீன்னே எழுதுறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தம், ஏன்னா காட்டுத்தீன்னா கட்டுக்கடங்காம காட்டையே எரிக்கிற தீ, இங்க எரியறது சருகு மட்டும் தான், காட்டுத்தீன்னு எழுதுன உடனே வச்சவன் குற்றவாளி ஆயிடுறான். 'கட்டுப்பாட்டு எரிப்பு'ன்னு ஆபீஸ் தமிழ்ல ஒண்ணு இருக்கு, அதுல எது எரியுதுன்னே தெரியல. என்னைக் கேட்டா 'சருகுத் தீ' தான் சரி. சோளகர் சொல்லுல இருக்குற ரெண்டு பாகமும் அதுல அப்படியே இருக்கு, சின்னப் பிள்ளைக்கும் புரியும். சோளகர் பத்தி எழுதுறப்போ தரகு பெங்கின்னே போட்டு, பக்கத்துல சருகுத் தீன்னு எழுதுங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, இன்னைக்கு அந்த காட்டுல போய் தீ வச்சா அது சருகுத் தீயா நிக்காது. ஆள் உயரத்துக்கு புதரா காய்ஞ்சு நிக்குற உன்னியப் பிடிச்சு மரத்து மேல ஏறிடும். முதல்ல உன்னிய வேரோட பிடுங்கணும், அதுக்கப்புறம் தான் தரகு பெங்கி.