பாக்கெட்டில் அம்மா பெயர், பத்திரத்தில் யார் பெயர்?

குடும்பத் தொழில் ஒன்றின் கணக்கு முதன்முதலாக என்னிடம் வரும்போது, ஆரம்ப முதலீடு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். கொங்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வீட்டுல நகைய வெச்சுத்தானுங்க ஆரம்பிச்சோம்." பேரேட்டைத் திறந்தால் அந்த நகைப்பணம் கணவரின் முதலீட்டுக் கணக்கில் வரவாகியிருக்கும். மனைவி பெயரில் ஒரு வரிகூட இருக்காது. யாரும் ஏமாற்றவில்லை. பணத்தைக் கொண்டுவந்து கட்டியவர் பெயரில் கணக்குப்பிள்ளை எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு மசாலாப் பொடிக் கம்பெனி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அந்த அம்மா வீட்டு அடுப்பில் மிளகாயும் மல்லியும் வறுத்து, பக்கத்து மில்லில் அரைத்து, தெருவில் விற்றுத் தொடங்கியவர். வியாபாரம் பிடித்த பிறகு கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பிராண்டுக்கு அந்த அம்மாவின் பெயர், பாக்கெட்டில் அவர் முகம். ஜிஎஸ்டி பதிவு மட்டும் கணவர் பெயரில், டிரேட்மார்க்கும் கணவர் பெயரில். உயிரோடு இருப்பவரின் பெயரை டிரேட்மார்க்காகப் பதியக் கேட்டால், அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். இங்கே கேட்டிருந்தார். தடிமனான அந்த ஃபைலில் அந்த அம்மாவின் கையெழுத்து இருந்த ஒரே தாள் அந்தச் சம்மதக் கடிதம்தான்.

கணவர் உயில் எழுதாமல் காலமானால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் என எல்லாருக்கும் சம பங்கு. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தால், தானே தொடங்கிய தொழிலில் அந்த அம்மாவுக்குக் கால் பங்குதான் வரும். அதுவும் வாரிசு என்ற முறையில், தொடங்கியவர் என்ற முறையில் அல்ல.

"பார்ட்னராத்தான் போட்டிருக்கோமே சார்" என்பவர்களும் உண்டு. டீடை, அதாவது பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரத்தைப் புரட்டினால் மனைவி ஸ்லீப்பிங் பார்ட்னர், பணம் மட்டும் போட்டு வேலையில் சேராதவர். விடிகாலையில் யூனிட்டைத் திறப்பது, ஆள் வரவு குறிப்பது, பேக்கிங் முடியும்வரை நிற்பது எல்லாம் அவர்தான். வொர்க்கிங் பார்ட்னருக்குத் தரும் சம்பளத்தைத்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பதால் அவருக்குச் சம்பளம் கிடையாது. பொறுப்பு மட்டும் குறைவதில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுப் பொறுப்பு. வேலை செய்தாரா, சும்மா இருந்தாரா என்பதெல்லாம் கடன் கொடுத்தவருக்குத் தேவையில்லாத விஷயம்.

இதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. "மனைவிக்குச் சம்பளம் போட்டாலும் உங்க வருமானத்தோடதான் சார் சேரும், எதுக்கு வம்பு?" என்று ஆடிட்டர்களே சொல்வார்கள். கணவருக்குக் கணிசமான பங்குள்ள நிறுவனத்தில் மனைவி வாங்கும் சம்பளம் கணவர் வருமானத்தோடு சேரும் என்பது உண்மை. மனைவியின் தொழில்நுட்பத் தகுதிக்கும் அனுபவத்துக்கும் கிடைக்கும் சம்பளமாக இருந்தால் சேராது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை என்று சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. அப்படியே சேர்ந்தாலும் சேர்வது வரிக்காக மட்டும்தான். பணம் அவர் கணக்கில்தான் இருக்கும். நாளைக்கு அவர் தனியாக ஒரு கடன் கேட்டுப் போனால் வங்கியில் காட்ட அவருக்கென்று வருமானம் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 3 சதவீதம் பெண்களுக்குச் சொந்தமான குறு, சிறு நிறுவனங்களிடம் என்று கொள்கை இருப்பதால், மனைவி பெயரில் ஒரு கம்பெனி. காசோலைப் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்து. அதில் ஒன்று பணமில்லாமல் திரும்பினால் வழக்கு அவர்மேல்தான். அடுப்படியிலிருந்து நேரே கோர்ட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய வீடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. முருகப்பா குழுமத்தின் எம்.வி. முருகப்பன் 2017-இல் மறைந்தபின், அவர் மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். அவர்கள் கிளைக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. 2020-இல் பங்குதாரர்கள் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தார்கள். 2023-இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பங்கு இருந்தால் நாற்காலியும் தானாக வந்துவிடும் என்று நம்பி மகளுக்குப் பங்கை மட்டும் எழுதிவைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பட்டியலிட்ட நிறுவனங்களிலும் பெரிய பப்ளிக் லிமிடெட்களிலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்கிறது. நம் ஊர் பிரைவேட் லிமிடெட்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் குழுவில் இடம் உண்டு என்பதை ஆர்ட்டிகிள்ஸில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில் எழுதிவைக்க வேண்டும்.

மசாலாக் கம்பெனிக்கு வருவோம். "அம்மாவுக்கு எதுக்கு சார் இந்த டென்ஷன்?" என்று மகன் கேட்டார். மூன்று தீபாவளி சீசனுக்கான மிளகாயை ஏலத்தில் எடுத்த அம்மாவுக்கு ஒரு கையெழுத்தில் என்ன டென்ஷன் வந்துவிடப்போகிறது? கணவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்த தனி உரிமையைக் கூட்டாண்மையாக மாற்றி, அவரை நிர்வாகப் பங்குதாரராக்கி, சம்பளத்தையும் டீடில் எழுதினோம். ஒரு பங்குதாரர் காலமானாலும் நிறுவனம் தொடரும் என்ற ஷரத்தையும் சேர்த்தோம். இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் போனால் மிஞ்சும் ஒருவரை வைத்துக் கூட்டாண்மை நிற்காது, அது மட்டும் போதாது என்பதால் மகளையும் பங்குதாரராகச் சேர்த்தோம். டிரேட்மார்க்கை அம்மா பெயருக்கு மாற்றப் பத்திரம் எழுதி விண்ணப்பித்தோம்.

இப்படி மாற்றுகிறவர்கள் ஜிஎஸ்டியையும் வங்கியையும் விட்டுவிட வேண்டாம். தனி உரிமை கூட்டாண்மையானால் புது ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கூட்டாண்மையில் ஆள் மாறினால் 15 நாட்களுக்குள் பதிவில் திருத்த வேண்டும். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தோடு செல்போன் எண்ணையும் மாற்றுங்கள். டீடில் அம்மா நிர்வாகப் பங்குதாரராக இருக்க, கரண்ட் அக்கவுண்ட் ஓடிபி மட்டும் இன்னமும் மகன் போனுக்கே வந்துகொண்டிருக்கும் கம்பெனிகள் நிறைய.