கிருமியைக் கொல்லும் மருந்து தசையைத் தளர்த்துவது எப்படி?

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நோயாளி கண் விழிக்கிறார். ஆனால் இமை பாதியிலேயே நிற்கிறது. "தலையைத் தூக்குங்க" என்றால் தூக்குகிறார், ஐந்து எண்ணுவதற்குள் தலை தலையணையில் விழுந்துவிடுகிறது. மூச்சும் மேலோட்டமாகத்தான் வருகிறது. அறுவைக்காகக் கொடுத்த தசை தளர்த்தி மருந்தின் வேலை இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால், இடையில் எந்த ஆன்டிபயாட்டிக் போட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. ஓடிவரும் மின்துடிப்பு அதைத் தாண்டாது. துடிப்பு வந்ததும் நரம்பு முனையில் கால்சியத்துக்கான வாசல்கள் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்தால்தான், அங்கே காத்திருக்கும் நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருளை வெளியே கொட்டும். அது எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தசை சுருங்கும்.

ஜென்டாமைசின், அமிக்காசின், நியோமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடு வகை ஆன்டிபயாட்டிக்குகள் அந்தக் கால்சியம் வாசலை மறிக்கின்றன. மெக்னீசியம் செய்வதும் இதைத்தான். கால்சியம் குறைந்தால் அசிட்டைல்கோலின் குறையும். போதாததற்கு, எதிர்க்கரை ஏற்பிகளையும் இவை மந்தமாக்கும். கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கின் வழி வேறு: ஏற்பியின் துளையை அடைக்கும், தசையையே நேராகவும் தளர்த்தும். பென்சிலினிடம் இந்தத் தொல்லை இல்லை.

சரி, இத்தனை பேர் ஜென்டாமைசின் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அவர்கள் ஏன் துவண்டு விழுவதில்லை? உடல் வைத்திருக்கும் கையிருப்புதான் காரணம். எனக்கு இதில் தீராத வியப்பு. ஏற்பிகளில் 70 சதவீதத்துக்கு மேல் அடைபட்ட பிறகே தளர்ச்சி வெளியே தெரியத் தொடங்கும். அதுவரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

அந்தக் கையிருப்பு ஏற்கெனவே கரைந்தவர்களுக்குத்தான் ஆபத்து. ரோகுரோனியம், வெகுரோனியம் போன்ற தளர்த்திகள் கொடுக்கப்பட்டவர்கள், தன் உடலே தன் ஏற்பிகளை அழிக்கும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோயாளிகள், மருந்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். மயஸ்தீனியா உள்ளவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலோ பல்வலியோ, நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஃப்ளூரோகுயினோலோன் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் பலவீனத்தைக் கூட்டலாம்.

1950களில் தொற்று வராமல் தடுக்க அறுவையின்போது வயிற்றுக்குள் நியோமைசின் கரைசலை ஊற்றினார்கள். ஈதர் மயக்கத்தில் இருந்த சிலருக்கு மூச்சே நின்றது. மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அமினோகிளைக்கோசைடால் வந்த தளர்ச்சிக்கு ரத்தக்குழாய் (சிரை) வழியே கால்சியம் கொடுத்தால் பலமுறை பலன் கிடைக்கும். மறிக்கப்பட்ட வாசலில் கூட்டம் அதிகமானால் சிலவாவது உள்ளே நுழையும் அல்லவா! கிளிண்டாமைசினும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படி எளிதில் பணியாது. அப்புறம் செயற்கை சுவாசம்தான், மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை.