வாகனத்தை விட்டுவிட்டு பஸ் ஏறும் தரிப்பிடம்: யாழ்ப்பாணத்தில் எப்படி அமைய வேண்டும்?

வீட்டிலிருந்து சொந்த வாகனத்தில் வந்து, நகருக்கு வெளியே ஒரு தரிப்பிடத்தில் அதை விட்டுவிட்டு, மிச்சத் தூரத்தை பஸ்ஸிலோ ரயிலிலோ போவதுதான் இந்த ஏற்பாடு. கொழும்புப் பக்கம், கொட்டாவைக்கு அருகே மாகும்புரவில் பஸ்ஸும் ரயிலும் அதிவேக நெடுஞ்சாலையும் சேரும் இடத்தில் இப்படியொரு நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் சரிவராது.

நெரிசல் தொடங்குவதற்கு முன்னாலேயே தரிப்பிடம் வர வேண்டும். நகர நடுவிலுள்ள ஆஸ்பத்திரி வீதிவரை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டவர் அங்கே இறங்கி பஸ் தேட மாட்டார். காங்கேசன்துறை வீதியால் வருவோருக்குச் சுன்னாகம், வடமராட்சியாருக்கு நெல்லியடி, தென்மராட்சியாருக்குச் சாவகச்சேரி என்று யோசிக்கலாம். காலையில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இல்லையென்றால் எவ்வளவு நல்ல தரிப்பிடமும் வெறுங்காணிதான். பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஒருநாள் அந்தரப்பட்டவர் அடுத்த நாள் வாகனத்திலேயே நகருக்குப் போய்விடுவார்.

ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். திருப்பும் பாதையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீற்றர் வேண்டும். ஆக, பரப்புக்கு எட்டு, பத்துக் கார்தான். மோட்டார் சைக்கிள் என்றால் அதே இடத்தில் அறுபதுக்கு மேல் நிற்கும். அதனால் கூரை போட்ட இருசக்கரத் தரிப்பிடமே நமக்கு முதல் தேவை. நல்லூர்த் திருவிழாவில் துண்டு தந்து வாகனம் காக்கும் பாதுகாப்பு நிலையங்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்த ஒழுங்கு ஆண்டு முழுவதும் வேண்டும். சக்கர நாற்காலி பாவிப்போருக்கு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அகலமான இடமும் படியில்லாத பாதையும் விட வேண்டும்.

தளத்தில் கஞ்சத்தனம் கூடாது. நம் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு போதும். வாகனங்களிலிருந்து சொட்டும் ஒயிலைப் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் மழைநீர் வடிய வேண்டும். இது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கோரிக்கையை அந்தந்த உள்ளூராட்சி சபையிடம் எழுத்தில் கொடுங்கள். திட்டம் ஏதும் கையில் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் செலவையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தில், தரிப்பிடத்தோடு இணையும் பஸ்களின் நேர அட்டவணையையும் மறக்காமல் கேளுங்கள்.