பெருக்குவதற்கு முன் அரை நிமிடம்

சனிக்கிழமை மாலையானால் மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள் நோட்டோடு வந்துவிடுவார்கள். முலுண்ட், சயான், டோம்பிவிலி என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள். ஆக்சுவரி, அதாவது காப்பீட்டில் ஆபத்தைக் கணக்கிடும் நிபுணர், ஆவதற்கான தேர்வுக்குப் படிப்பவர்கள். காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியம் கணக்குப் பார்ப்பது என் வேலை. இவர்கள் போடும் கணக்குகளில் ஒரு பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டு நிகழ்தகவு கண்ணில் பட்டால் கை தானாகப் பெருக்கிவிடுகிறது.

போன வாரம் ஒரு கணக்குக் கொடுத்தேன். வண்டி ஓட்டுபவர்களில் பாதிப் பேர் நிதானமானவர்கள். ஓராண்டில் கிளெய்ம் வர வாய்ப்பு 0.1. மறுபாதி வேகக்காரர்கள், 0.3. ஒருவர் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், அவருடைய ஓராண்டும் அடுத்த ஆண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள்: ஒன்றில் நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாது, அப்போதுதான் வாய்ப்புகளை நேராகப் பெருக்கலாம். யாரோ ஒருவரை எடுத்தால், இரண்டு ஆண்டும் கிளெய்ம் வர என்ன வாய்ப்பு?

ஒருவர் தவிர எல்லாரும் 0.04 என்று எழுதினார்கள். “சராசரி 0.2 தானே அங்கிள், 0.2-ஐ 0.2-ஆல் பெருக்கினால் தப்பா?” என்று டோம்பிவிலிப் பெண் கேட்டாள். தப்புதான். நிதானக்காரருக்கு 0.01, வேகக்காரருக்கு 0.09, இரண்டிலும் பாதியை எடுத்துக் கூட்டினால் 0.05. ஆள் எந்த வகை என்று தெரியாதவரை, முதல் ஆண்டு கிளெய்மே அவரைப் பற்றி நமக்கு ஒரு சேதி சொல்கிறது. சேதி கிடைத்த இடத்தில் சார்பின்மை கிடையாது.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும் சார்பிலா நிகழ்ச்சிகளையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. 0.3, 0.4 வாய்ப்புள்ள இரண்டில் ஏதேனும் ஒன்றாவது நடக்க, விலக்குபவை என்றால் 0.7, சார்பிலாதவை என்றால் 0.58. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே நடக்காது என்பதைவிட நெருக்கமான சார்பு வேறென்ன இருக்கிறது?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குத் தேர்வு மட்டும் காரணமில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. குர்லா பக்கம் ஒரே கட்டடத்தின் அடித்தளத்தில் பத்துக் கார்கள் நிற்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ஓராண்டில் வெள்ளத்தில் மூழ்க நூற்றில் ஒரு வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தால், பத்தும் ஒரே ஆண்டில் மூழ்க வாய்ப்பு ஒன்றுக்குப் பின் இருபது பூஜ்ஜியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. நடக்கவே நடக்காது என்று பொருள். ஆனால் ஒரு கார் மூழ்கும் தண்ணீரில் பக்கத்துக் காரும்தானே நிற்கிறது! அதே நாளில் கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே நிற்கும் காரையும் குர்லா காரையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது வேறு, ஒரே அடித்தளத்துக் கார்களைப் பார்ப்பது வேறு.

பயிற்சிக்கு என் வழி இதுதான். பெருக்கல் குறி போடுமுன் ‘ஏன் சார்பிலாதவை?’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். காரணம் பல விதம்: கேள்வியே அப்படிச் சொல்லியிருக்கலாம், பையில் எடுத்த பந்தைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பான கூட்டு நிகழ்தகவைக் கணக்கிட்டுச் சரிபார்த்திருக்கலாம். எதுவும் எழுத வராவிட்டால் நிபந்தனை நிகழ்தகவுக்கு, அதாவது ஒன்று நடந்தது என்று தெரிந்தபின் மற்றதற்குள்ள வாய்ப்புக்குப் போக வேண்டும். அமெரிக்க ஆக்சுவரி கழகத்தின் ‘பி’ தேர்வில் மூன்று மணி நேரத்தில் 30 கேள்விகள், அதாவது கேள்விக்கு ஆறு நிமிடம். அந்த ஒரு வரிக்கு அரை நிமிடம் தாராளமாக ஒதுக்கலாம்.

மூன்று நிகழ்ச்சிகள் வந்தால் இன்னும் கவனம். இரண்டு நாணயங்கள்: முதலில் தலை, இரண்டாவதில் தலை, இரண்டும் ஒரே பக்கம். இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் சார்பிலாதவை. மூன்றும் சேர 1/8 வரும் என்று நினைப்போம், வருவது 1/4.

மேலே சொன்ன வண்டிக் கணக்கையே இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். முதல் ஆண்டு கிளெய்ம் வந்தவருக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பு 0.25, வராதவருக்கு 0.1875. மோட்டார் பாலிசியில் கிளெய்ம் கேட்காதவருக்கு ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று பிரீமியத்தில் தள்ளுபடி தருவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். இரண்டு ஆண்டும் கிளெய்ம் இல்லாதவருக்கு மூன்றாம் ஆண்டு என்ன வாய்ப்பு என்று போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.1754 வர வேண்டும்.