148-ஐ 14.7-ஆல் வகுக்காதீர்கள்

ஒரு தப்புக் கணக்கால் கெட்டு என்னிடம் வந்ததில், இந்த வருஷம் இது மூன்றாவது எஞ்சின். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி தன் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) டர்பனுக்கு வந்து சரக்கு ஏற்றியிருக்கிறார். திரும்பும் வழியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் எஞ்சின் தடதடவென்று தட்டி நின்றுவிட்டது. கட்டி இழுத்து டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு துண்டாகக் கையோடு வந்தது.

ஒரு மாதம் முன்புதான் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி ஸ்கிம் பண்ணினார்களாம். ஏன் என்று கேட்டேன். பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார். பேனாவில் எழுதியிருந்தது: "புத்தகத்தில் 180. 180 ÷ 14.7 = 12.2. இப்போது 148. 148 ÷ 14.7 = 10. கம்ப்ரெஷன் ரேஷியோ இரண்டு குறைந்துவிட்டது."

180-ம் 148-ம் பிளக் துளையில் கேஜ் மாட்டி அளக்கும் சிலிண்டர் அழுத்தம், பி.எஸ்.ஐ. கணக்கில். ரேஷியோ என்பது வேறு: பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், மேலே ஏறிய பிறகு மிஞ்சும் இடத்தைப்போல எத்தனை மடங்கு என்பது. ஹெட்டைச் சீவினால் அந்த மிஞ்சும் இடம் சுருங்கும், ரேஷியோ ஏறும். குறைந்த இரண்டை மீட்கிறோம் என்றுதான் சீவியிருக்கிறார்கள். அந்த எஞ்சினின் ரேஷியோ புத்தகத்திலேயே 9.5தான். பன்னிரண்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இந்த வகுத்தல் கணக்கை எத்தனை பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ., எனவே கேஜ் காட்டுவதை அதால் வகுத்தால் ரேஷியோ வரும் என்பது நம்பிக்கை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். அமுக்கினால் காற்று சூடாகும். சூடானால் அழுத்தம், இடம் குறைந்த அளவைவிட அதிகமாக ஏறும். பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடைத்தால் அழுத்தம் பத்து மடங்கோடு நிற்காது. இது ஒன்று. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும்; வெளிக்காற்றையும் கூட்டின பிறகுதான் வகுக்கவே வேண்டும். இது இரண்டு. அந்த 14.7 கடற்கரைக் கணக்கு. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.83 பார், அதாவது 12 பி.எஸ்.ஐ. டர்பனில் 180 காட்டும் எஞ்சின் அங்கே 148தான் காட்டும். அந்த எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை! டிராகன்ஸ்பர்க் மலையைத் தாண்டினால் இரும்பு மாறிவிடுமா? பெட்ரோல் போடும்போது மேட்டுநிலத்தில் 93 ஆக்டேன் போதும், கரையில் 95 போடு என்கிறோமே, அதற்கும் இதே காற்றுதான் காரணம்.

சரியாகப் போட்டால் கணக்கு இப்படி வரும். டர்பனில் 180 என்பது 12.4 பார், வெளிக்காற்று 1.01 கூட்டி, அதே 1.01-ஆல் வகுத்தால் சுமார் 13.2. ஜோகன்னஸ்பர்க்கில் 148 என்பது 10.2 பார், 0.83 கூட்டி 0.83-ஆல் வகுத்தால் 13.3. இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே விடை. இந்த 13.2 அழுத்தம் ஏறிய மடங்கு. ரேஷியோவுக்குப் போக இன்னும் ஒரு படி இருக்கிறது. ரேஷியோவை 1.25 அடுக்குக்கு உயர்த்தினால் அழுத்த மடங்கு வரும் என்று வைத்துப் பின்னோக்கிப் போட்டால் 7.9. அந்த அடுக்கை 1.2 என்று எடுத்தால் 8.6, 1.3 என்றால் 7.3. ஸ்டார்ட்டரில் மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் எவ்வளவு சூடு சுவர் வழியே போகிறது, எவ்வளவு காற்று ரிங் வழியே நழுவுகிறது என்பதைப் பொறுத்து இந்த அடுக்கு மாறும். அப்படியும் கிடைப்பது, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு மூடிய பிறகு நடக்கும் அமுக்கம் மட்டுமே. பிஸ்டன் கீழ் முனையிலிருந்து கொஞ்சம் மேலேறிய பிறகுதான் அந்த வால்வு மூடுகிறது. அதனால்தான் 9.5 ரேஷியோ எஞ்சின் எட்டு போலத் தெரிகிறது.

ரேஷியோ தெரிய வேண்டுமென்றால் கொள்ளளவை அளக்க வேண்டும். நான் செய்வது: வால்வும் பிளக்கும் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைப்பேன். பெட்ரோல் எரியும் குழியான சேம்பரைச் சுற்றி மெல்லிதாக கிரீஸ் தடவி, சின்னத் துளையிட்ட கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தட்டை அழுத்துவேன். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசியில் ஒரு குமிழி மட்டும் தட்டுக்கடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெட்டை லேசாகச் சாய்த்து அதை விரட்டின பிறகுதான் அளவைப் படிக்க வேண்டும். இதோடு ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கெட்டின் தடிமனும் பிஸ்டன் தலைக் குழியும் சேர வேண்டும். அந்தத் தம்பியின் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. மேலே 47 சிசி இருக்க வேண்டிய இடத்தில் 40தான் மிச்சம். ரேஷியோ 11. மேட்டின் மெல்லிய காற்றில் சத்தம் காட்டாமல் ஓடியிருக்கிறது. கீழே அடர்ந்த காற்றும் முழுச் சரக்கும் நீண்ட ஏற்றமும் சேர்ந்தபோது பிஸ்டன் தாங்கவில்லை.

கேஜை நான் குறை சொல்லவில்லை. நான்கு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிட அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் ஒழுங்காக அளங்கள். எஞ்சின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். காயிலையும் இன்ஜெக்டரையும் துண்டியுங்கள். பிளக் துளை வழியே பெட்ரோல் தெறிக்கும்போது ஒரு பொறி போதும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றுங்கள். கேஜின் வால்வு ஹோஸின் பிளக் முனையில்தான் இருக்க வேண்டும். கேஜ் பக்கம் இருந்தால் ஹோஸுக்குள் இருக்கும் இடமும் சிலிண்டரோடு சேர்ந்து அளவு இறங்கிவிடும். ரிங்கைச் சோதிக்க எண்ணெய் விட்டால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அந்த எண்ணெயே இடத்தை அடைத்து அளவை ஏற்றும். டீசல் எஞ்சினில் எண்ணெயே விடாதீர்கள்.

நான்கும் சமமாக இருந்து, மொத்தமாகக் குறைவாகத் தெரிந்தால், முதலில் நீங்கள் எந்த உயரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அடுத்து, வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு வேறொரு ஹெட்டும் புது பிஸ்டனும் போட்டு முடித்தேன். இங்கே நான்கும் 178-லிருந்து 182-க்குள். ஊருக்குப் போய் யாராவது அளந்தால் 148 பக்கம் காட்டும், அது சரியான அளவுதான் என்று ஒரு தாளில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.