காலை எண்ணுமுன் கையைப் பார்

கூடைப்பந்து அரங்கமே "டிராவலிங்!" (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதி அனுமதிப்பதைவிட அதிகமாகக் காலடி வைக்கும் குற்றம்) என்று கூச்சலிடும், நடுவர் மட்டும் விசிலைத் தொடாமல் ஓடிக்கொண்டிருப்பார். அவருக்குக் கண் தெரியவில்லையா என்று யாராவது கேட்பார்கள். பல நேரங்களில் அவர் சரியாகவே பார்த்திருப்பார். கூட்டம் காலடிகளை எண்ணுகிறது. அவர் முதலில் கையைப் பார்க்கிறார்.

நின்றபடி பந்தைப் பிடித்திருப்பவருக்கு விதி எளிது. ஒரு கால் ஊன்றிய இடத்திலேயே இருக்க வேண்டும். மற்றக் காலை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துவைத்துச் சுழலலாம். தொல்லை எல்லாம் ஓடிவருபவரிடம்தான். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா (கால்பந்தின் ஃபிஃபா வேறு) 2017இல் இந்த விதியைத் திருத்தியது. பந்து வீரரின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு தரையைத் தொடும் பாதமே முதல் அடி. பந்து வசப்படும் கணத்தில் ஏற்கெனவே தரையில் இருந்த பாதம் கணக்கில் சேராது. அதைப் 'பூஜ்ய அடி' என்பார்கள். அதன் பின் இரண்டு அடி வைக்கலாம். ஆகவே மாடத்தில் இருப்பவர் மூன்று என்று எண்ணி முடித்திருப்பார், நடுவர் கணக்கில் இரண்டுதான். டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி, வருபவரானால், பந்தை இரு கைகளும் ஒருசேரத் தொடும்போதோ, பந்து கையில் தங்கிவிடும்போதோ டிரிபிள் முடிகிறது. எண்ணிக்கை தொடங்குவதும் அங்கிருந்துதான்.

இதைக் கண்ணால் பிடிப்பது சுலபமில்லை. விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழிப்பகுதிதான் மிகத் துல்லியமாகப் பார்க்கும். அது காண்பது ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் மட்டுமே. ஐந்து மீட்டர் தொலைவில் அது சுமார் 17 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டமே 24 சென்டிமீட்டர்! கையையும் பாதத்தையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. நடந்ததை உணர்ந்து பார்வையை வேறிடத்துக்குத் திருப்பவோ ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் ஓடுபவர் ஏறக்குறைய ஓர் அடி வைத்துவிடுவார். அதனால் தேர்ந்த நடுவர் பந்து வசப்படப்போவதை முன்கூட்டியே எதிர்பார்த்து நிற்கிறார். ஐயம் இருந்தால் விசிலை ஒரு கணம் தாமதிக்கிறார். என்னைக் கேட்டால், பார்க்க விகாரமாக இருந்தது என்பதற்காக மட்டும் ஊதப்படும் விசில்தான் மோசமான விசில்.

கீழே விழுந்தவர் விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். பந்தோடு விழுந்து, ஓடிவந்த வேகத்தில் வழுக்கிச் செல்வது குற்றமில்லை. பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ, எழ முயன்றாலோதான் டிராவலிங்.

இனி எதிராளியின் கை. பந்தை எறிய எழும்பியவர் அதை விடாமலே தரையிறங்கினால் டிராவலிங். ஆனால் எதிரணி வீரர் பந்தின் மீது கையை அழுத்தமாக வைத்திருக்க, அந்த நிலையிலேயே அவர் இறங்கினால் அது 'ஜம்ப் பால்' சூழ்நிலை, அதாவது பந்து எந்த அணிக்கு என்று தீர்மானிக்க வேண்டிய நிலை. தரையிறங்கும் கணத்துக்குச் சற்று முன் அந்தக் கை விலகிவிட்டால் தீர்ப்பு மீண்டும் டிராவலிங்காகிவிடும்.

பெயர்தான் ஜம்ப் பால். ஃபிபா ஆட்டங்களில் உண்மையான துள்ளல் தொடக்கத்தில் ஒரு முறைதான். நடுவர் இரு அணி வீரர்களுக்கு நடுவே பந்தைச் செங்குத்தாக எறிவார், அவர்கள் துள்ளித் தட்டுவார்கள். உச்சியை எட்டிய பிறகே தட்டலாம். உச்சியில் பந்தின் வேகம் பூஜ்யம். அதற்குக் கீழே 10 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் ஏறவும் இறங்கவுமாகப் பந்து ஏறத்தாழ 0.29 நொடி இருக்கும். அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரிவது அதனால்தான். பிறகு வரும் ஜம்ப் பால் சூழ்நிலைகளை, ஆட்ட அதிகாரிகளின் மேசைமேல் உள்ள அம்புக்குறி, பந்தை இரு அணிகளுக்கும் மாறி மாறித் தந்து தீர்த்துவைக்கும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவிலோ இன்னும் துள்ளித்தான் தீர்க்கிறார்கள்.

இருவர் தட்டிய பந்து கோட்டுக்கு வெளியே போனால் "அவன்தான் கடைசியாகத் தொட்டான்" என்று இருவருமே சத்தியம் செய்வார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைச் சோதித்தார்கள். மனிதர்கள் தங்கள் தொடுகையை அடுத்தவர் தொடுகையைவிடச் சுமார் 50 மில்லிநொடி முந்தியதாக உணர்கிறார்களாம். ஆக, கோட்டருகே நின்று கத்தும் இருவருமே பொய் சொல்லவில்லை. நடுவர்களாலும் முடிவு செய்ய முடியாவிட்டால் அதுவும் ஜம்ப் பால் சூழ்நிலைதான்: ஒருவர் அதற்கான சைகையாக இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்துவார், பிறகு அம்பு காட்டும் திசையில் கையை நீட்டுவார்.