பிங் போகுது, கிளஸ்டர் எழும்பவில்லை

ஐப்பசி இடிமழை தொடங்கி இது மூன்றாவது அழைப்பு. "அண்ணே, பிங் போகுது, கிளஸ்டர் மட்டும் எழும்புதில்லை." பிங் என்பது ஒரு சேர்வர் மற்றதைத் தட்டிப் பார்க்கும் சோதனை; கிளஸ்டர் என்பது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுக்கும் சேர்வர் கூட்டு.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. இரவு கரண்ட் போய் விடியப்புறம் வந்திருக்கிறது. கொழுந்து நிறுவை பதியும் இரண்டு சேர்வர்களும் எழும்பின. ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை. கிளஸ்டர் சேர்வர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருள் கொரோசிங்க். இரண்டு நோட் (சேர்வர்) மட்டும் என்றால், அது மற்றதைக் காணும்வரை சர்வீஸைத் தொடங்காமல் காத்திருக்கும். அது பிழையல்ல, காவல். அங்கிருந்த தம்பி இரண்டிலும் கட்டளை அடித்து அந்தக் காவலை நீக்கிவிட்டார். பதில் தராத சேர்வரை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஸ்டோனித்தை 'கரைச்சல்' என்று முன்பே நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் தனித்தனியே ஓடி, காலைக் கொழுந்து ஒன்றில், அந்திக் கொழுந்து மற்றதில் பதிவானது. கிலோ காணாது என்று அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இனி இந்தப் பிங். பிங் போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில், அதற்குப் போர்ட் (சேர்வருக்குள் நுழையும் கதவு) இலக்கமே கிடையாது. கொரோசிங்க் பேசுவது யுடிபி என்ற வேறு நெறிமுறையில், 5405ஆம் போர்ட்டில். பிங் போவது, வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொல்லும்; உங்களுக்குக் கதவு திறப்பார் என்று சொல்லாது. "டெல்நெட்டில் 5405 அடித்தேன், மூடியிருக்கு" என்பார் இன்னொருவர். டெல்நெட் தட்டுவது டிசிபி என்ற இன்னொரு நெறிமுறையில், ஐயா! யுடிபி போர்ட் திறந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். வலையமைப்புப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் வருவதைக் கண்டும் ஏமாறாதீர்கள், உள்ளே வரும் பாக்கெட்டைப் பயர்வோல் தடுக்கும் முன்பே அது பார்த்துவிடும். மற்ற நோட்டோடு தொடர்பு உண்டா என்று 'கொரோசிங்க்-சிஎஃப்ஜிடூல் -எஸ்' கட்டளை என்ன சொல்கிறது, பாருங்கள்.

மூன்று இடத்திலும் குற்றவாளி ஒன்றுதான். பயர்வோலில் போர்ட்டைத் திறந்தவர், விதியை நிரந்தரமாக்கும் 'பர்மனன்ட்' போடவில்லை. ரீபூட் ஆனதும் விதி போய்விட்டது.

லினக்ஸ் பயர்வோலான ஃபயர்வோல்டியில் 'ஹை-அவெய்லபிலிட்டி' என்று சர்வீஸ் தயாராகவே இருக்கிறது. கிளஸ்டரை நிர்வகிக்கும் பிசிஎஸ்டிக்கு வேண்டிய டிசிபி 2224உம் அதற்குள் அடக்கம். பர்மனன்ட்டாகச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள், இரண்டு நோட்டிலும். விண்டோஸ் ஃபெய்லோவர் கிளஸ்டர்காரர்கள் யுடிபி 3343ஐ மறக்காதீர்கள். பயர்வோலையே அணைத்துவிட்டு 'வேலை செய்யுது' என்று எனக்கு மெசேஜ் போடாதீர்கள். ஸ்டோனித்தை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பிறகு மழையில்லாத ஒரு பகலில், கொழுந்து வரும் நேரத்துக்கு முன், இரண்டையும் நீங்களே ரீபூட் செய்து பாருங்கள். கரண்ட் போகும்வரை இருக்காதீர்கள், தம்பிமாரே. அந்த நேரம் பார்த்து நான் கினிகத்தேனைப் பக்கம், சிக்னல் கிடைக்காத ஒரு வளைவில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பேன்.